'பேக் இன் பிளாக்' பாட்டோடு சில நாட்கள்

பிப்ரவரி 19

இன்று ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்த நாள். 1980, லண்டன். அப்போது அவருக்கு 33 வயது. அதே ஆண்டு ஏப்ரலில் குழு பஹாமாஸ் தீவுக்குப் போய், புதுப் பாடகர் பிரையன் ஜான்சனைப் பாட வைத்து 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. ஜூலையில் வெளியீடு. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. காலையிலிருந்து தலைப்புப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். போனவனுக்காகப் போட்ட பாட்டு. அழுகை ஒரு துளி இல்லை. அதனால்தானோ என்னவோ நெஞ்சை அடைக்கிறது.

பிப்ரவரி 22

கித்தாரும் கையுமாக உட்கார்ந்தேன். ஈ, டி, ஏ, மூன்றே கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது). விரல் பழக ஐந்து நிமிடம் போதும், பாட்டுதான் வரமாட்டேன் என்கிறது. ஈ-யை ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே கம்பியை அமுக்கி நிறுத்த வேண்டும். அந்த வெற்றிடத்தில் பில் ரட்டின் டிரம்ஸ் மட்டும் நடக்கும். அப்புறம்தான் டி. நான் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறேன். உள்ளங்கை ஓரம் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 25

இரவு லைவ் பதிவுகள் பார்த்தேன். 1991 இங்கிலாந்தின் டோனிங்டன், அப்புறம் 2009 அர்ஜென்டினாவின் புவனெஸ் ஐரெஸ். ரிவர் பிளேட் மைதானத்தில் முதல் ஈ விழுந்ததும் கூட்டம் மொத்தமாகக் குதிக்கிறது. எல்லோர் கண்ணும் பள்ளிச் சீருடையில் ஓடும் கித்தார்காரர் ஆங்கஸ் மேல். நான் அவருடைய அண்ணன், ரிதம் கித்தார் வாசிக்கும் மால்கமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நிற்கிறார். பல்லவிக்கு மைக் வரை வந்து பாடுகிறார், முடிந்ததும் பின்னாலேயே போய்விடுகிறார். கால் தாளம் போடுகிறது, வலது மணிக்கட்டில் பதற்றமே இல்லை. பாட்டு அவர் கையில்தான் இருக்கிறது என்பேன்.

மார்ச் 2

இன்று பார்த்த லைவ் பதிவு: 2023 அக்டோபர், கலிஃபோர்னியாவின் இண்டியோ. மால்கம் இல்லை. மறதி நோயால் 2014-இல் விலகி, 2017-இல் காலமானார். அவர் இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி, கையில் அதே கிரெட்ச் ரக கித்தார். 1988 அமெரிக்கச் சுற்றிலும் சித்தப்பாவுக்குப் பதிலாக இவர்தான் வாசித்தார். காது பாதிப்பால் 2016-இல் சுற்றுப்பயணத்தை விட்ட பிரையனும் திரும்பி வந்திருக்கிறார். குரல் கரகரப்பு கூடியிருக்கிறது; எனக்கு அது பிடித்திருக்கிறது.

படத்தை நிறுத்திவிட்டுக் கித்தாரை எடுத்தேன். ஈ. காத்திருந்தேன். டி. இரண்டு முறை சரியாக விழுந்தது.