ஒற்றைக்காலில் நின்ற பிள்ளை

திருகோணமலையில் முதலாம் வகை நீரிழிவு உள்ள, உடம்பில் இன்சுலின் சுரக்காததால் அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளப்பது பல வருடங்களாக என் வேலை. கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று தூரத்திலிருந்தும் விடியவே பஸ் ஏறி வருவார்கள்.

அளப்பது லேசான வேலை இல்லை. செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் முட்ட நிறுத்த வேண்டும். உச்சிக்கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். பள்ளிக்கூட வயதில் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் இரண்டு மாத வளர்ச்சியே கணக்கில் இல்லாமல் போய்விடும்.

நிறைதான் தாய்மாரைக் கலங்க வைப்பது. "ஊசி போட்டுத்தான் பிள்ளை ஊதிட்டுது எண்டு சனம் சொல்லுது மிஸ்" என்பார்கள். இன்சுலின் இல்லாதபோது உடம்பு தன் தசையையும் கொழுப்பையுமே கரைத்து எரித்திருக்கிறது. இழந்ததுதான் திரும்பி வருகிறது என்று ஒவ்வொருவருக்கும் இருத்திவைத்துச் சொல்வேன். ஊர்ப்பேச்சைக் கேட்டு யாராவது ஊசியின் அளவைக் குறைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அப்புறம் சமநிலை. ஒற்றைக்காலில் முதலில் கண் திறந்து, பிறகு மூடி நிற்க வேண்டும். நிலாவெளியிலிருந்து வந்த 11 வயதுப் பையன் ஒருவன் கண் திறந்திருக்கும்போதே தள்ளாடினான். "கால் தன்ட பாட்டுக்கு ஆடுது மிஸ்" என்றான். 'சமநிலை குறைவு' என்று எழுதிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மின்விசிறிக்குக் கீழே நின்றும் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை. விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்த்தேன்: 58, குறைவு. காலையில் ஊசி போட்டிருக்கிறார்கள். பஸ் வந்துவிட்டதென்று சாப்பிடாமலே ஏறியிருக்கிறான்.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிடத்தில் 94. சரி என்று உடனே எழுப்பவில்லை. சீனி ஏறினாலும் தலையும் காலும் தெளிய இன்னும் நேரம் வேண்டும். பிஸ்கட் கொடுத்து ஒரு மணித்தியாலம் இருத்தினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டும் அசையாமல் நின்றான்.

அந்த வியர்வையைக் காணாதிருந்தால், கால் நரம்பு பழுதோ என்ற சந்தேகம் அவன் கோப்பில் ஏறியிருக்கும். நீரிழிவால் வரும் நரம்புப் பழுது பெரும்பாலும் வருடக்கணக்கில் வருவது. பசியோடு வந்த பிள்ளைக்கு அதை நான் எழுதப் பார்த்தேன்.

இப்போது காலைத் தூக்கச் சொல்லுமுன் விரலை நீட்டச் சொல்கிறேன். அந்த அளவையும் நேரத்தையும் எழுதப் பதிவுத்தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனையால் எழுதி வருகிறேன்.