மினிட் புத்தகத்தில் எதை எழுதுவது?

ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். பெரிய அதிகாரமெல்லாம் இல்லை, கூட்டத்தில் நடந்ததைக் குறித்துவைக்கும் மினிட் புத்தகம் என் கையில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவரிடம்தான் எல்லாப் பஞ்சாயத்தும் முதலில் வந்து நிற்கும்.

முதல் வருடம் எல்லாவற்றையும் எழுதினேன். யார் என்ன சொன்னார், யார் மறுத்தார், யார் குரலை உயர்த்தினார் என்பது வரைக்கும். அதுதான் நேர்மை என்று நினைப்பு. கொஞ்ச நாளில் கூட்டத்தில் யாருமே வாயைத் திறக்கவில்லை. உண்மையான பேச்செல்லாம் கூட்டம் முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் நடந்தது, அதற்குக் குறிப்பும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அப்புறம் ஒரு மூத்த உறுப்பினர்தான் சொல்லிக் கொடுத்தார்: என்ன முடிவானது என்பதை எழுதுங்கள், யார் என்ன பேசினார் என்பதை விடுங்கள். தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஓட்டு எண்ணிக்கை, தனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்தவர் பெயர். இவ்வளவு போதும். இந்தக் கடைசி ஒன்றைத்தான் எழுத வேண்டாம் என்று அதிகம் கேட்பார்கள். "சின்ன ஆர்டர்தானே, தம்பி கம்பெனி என்று எழுதி அவரை ஏன் அசிங்கப்படுத்த வேண்டும்?" எழுதினால்தான் அவருக்கே பாதுகாப்பு என்பதைப் புரியவைக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

நாங்கள் சறுக்கியது, இயக்குநர் திடீரென்று விலகியபோது. முழுக்க அவருடைய சொந்தக் காரணம், அதை இங்கேயும் சொல்லப் போவதில்லை. ஊழியர்கள் கேட்டார்கள், நன்கொடையாளர்கள் கேட்டார்கள், "இது குழுவின் உள்விவகாரம்" என்று மூன்று வாரம் ஒரே பதில். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். வெளியே அவர் பணத்தைக் கையாடிவிட்டதாகப் பேச்சு ஓடியது. அவர் விலகிவிட்டார், கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை, இன்னார் பொறுப்பில் இருக்கிறார், காரணம் அவருடைய சொந்த விஷயம் என்பதால் சொல்லமாட்டோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒன்று இருக்கிறது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு விதி வகுக்க உட்கார்ந்தோம். ஒருவர் சாத்தம் ஹவுஸ் விதியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1927-ல் லண்டனில், அந்தப் பெயரில் அறியப்படும் ஆய்வு நிறுவனத்தில் வந்தது அது: கேட்ட விஷயத்தை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று காட்டக்கூடாது. கருத்தரங்குக்குச் சரி. ஒன்பது பேர் உள்ள குழுவில் கருத்தைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரிதான். கடைசியில், மூடிய அமர்வு நடந்தது, எதைப் பற்றி நடந்தது என்பது மினிட்ஸில் வரும், உள்ளே பேசியதன் குறிப்பு தனி உறையில் இருக்கும், அதன் மேல் எப்போது பிரித்துப் பார்த்து மறுபடி முடிவு செய்வது என்று ஒரு தேதி எழுதியிருக்கும் என்று ஏற்பாடு.

நான் பொறுப்பை விட்டபோது இரண்டு உறை மீதி இருந்தன. ஒன்றில் வக்கீல் தந்த ஆலோசனை, வழக்கு முடியும் வரை அது அங்கேதான். இன்னொன்றின் தேதி எப்போதோ தாண்டிவிட்டது. தலைவரிடம் இரண்டு தடவை நினைவுபடுத்தினேன், "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார்.