மனச்சான்று மறுப்புக் கடிதம்: எழுதியதும் அதன் பிறகு நடந்ததும்

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருவர், "கருக்கலைப்பு அறுவையில் நான் உதவ மாட்டேன்" என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? நான் எழுதிக் கொடுத்தேன். இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இடையில் பட்டதையும் கற்றதையும் இதே நெருக்கடியில் இருக்கும் கத்தோலிக்க நர்ஸ்களுக்காகவும் மருத்துவச்சிகளுக்காகவும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் கருக்கலைப்பு நடக்கவில்லை. பின்னால் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். அறுவைப் பட்டியலில் அதுவும் வந்துவிட்டது. கருவான கணத்திலிருந்தே அது கடவுள் தந்த மனித உயிர் என்று நம்புகிறவள் நான். அந்த உயிரை முடிக்கும் கருவியை என் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அந்த எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை எழுத்தில் வைப்பதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் அறநெறி இறையியல் படித்த ஒரு குருவானவரிடம் போனேன். தீச்செயலின் நோக்கத்துக்கே உடன்பட்டு உதவுவது ஒன்று, உடன்படாமலே நம் வேலை எங்கோ தொலைவில் அதற்குப் பயன்பட்டுவிடுவது இன்னொன்று என்று பிரித்துச் சொன்னார். முதலாவது எப்போதும் கூடாது. இரண்டாவதில், அந்தச் செயலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். செயலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும் உதவி அதிலும் கூடாது. 1995-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட 'எவாஞ்செலியும் வீத்தே' ('வாழ்வின் நற்செய்தி') என்ற சுற்றுமடலின் 73, 74-ஆம் பத்திகளையும் வாசிக்கச் சொன்னார். எகிப்து மன்னன் பார்வோனின் கட்டளைக்குப் பணியாமல் எபிரேயக் குழந்தைகளை வாழவிட்ட மருத்துவப் பெண்களைத் திருத்தந்தை அங்கே நினைவூட்டுகிறார். அநீதியில் பங்கேற்க மறுப்பது கடமை மட்டுமல்ல, மனித உரிமையும்கூட என்கிறார். விவிலியத்தில், விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண்கள், சிப்ராவும் பூவாவும், நம் தொழிலைச் செய்தவர்கள் என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

கடிதத்தில் நான் மிகவும் மெனக்கெட்டது ஓர் இடத்தில்தான். அறுவையின் பெயரையோ மருந்தின் பெயரையோ வைத்து மறுக்கவில்லை. எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை வைத்து மறுத்தேன். கருப்பையைச் சுத்தம் செய்யும் அதே அறுவை, கரு தானாகவே இறந்துபோன பெண்ணுக்கும் தேவைப்படுகிறது. அங்கே நான் முழு மனதோடு நிற்பேன். மிசோப்ரோஸ்டால் மாத்திரை கருக்கலைப்புக்கும் பயன்படுகிறது, பிரசவத்துக்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கை நிறுத்தவும் பயன்படுகிறது. "அந்த மாத்திரையைத் தொட மாட்டேன்" என்று எழுதியிருந்தால் ஒரு தாயின் உயிரோடு விளையாடியதாக ஆகியிருக்கும். கருக்குழாயில் கரு தங்கிவிட்டால், ஆபத்தான அந்தக் குழாயை அகற்றும் அறுவையைக் கத்தோலிக்க அறநெறியாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள். அதற்கும் வருவேன் என்று தனியாகவே குறித்தேன்.

கடைசியாக, எந்தப் பெண்ணாக இருந்தாலும், எந்த அறுவைக்குப் பின் வந்தாலும், அவருடைய வலியையும் இரத்தப்போக்கையும் காய்ச்சலையும் கவனிப்பது என் பொறுப்பு, அதிலிருந்து விலக்கு வேண்டாம் என்று எழுதினேன். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. யாருக்கும் புத்தி சொல்லும் வரி அதில் ஒன்றுகூட இல்லை. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் மனச்சான்று விலக்கு உண்டு; தாயின் உயிரைக் காக்கவோ, அவருடைய உடல், மன நலத்துக்கு நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ வேண்டிய நிலையில் அது செல்லாது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள் தொடுத்த வழக்கில், கையால் பங்கேற்பதற்கு மட்டுமே விலக்கு, மற்ற ஊழியர்களை மேற்பார்வை செய்வதற்கு இல்லை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. சுவீடனில் இப்படி மறுத்ததற்காக வேலை கிடைக்காத இரண்டு மருத்துவச்சிகளின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020-இல் ஏற்கவில்லை. இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. "என் மனச்சான்று" என்று சொன்னவுடன் கதவு திறந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு போகாமல், உங்கள் நாட்டுச் சட்டத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் தெரிந்தவர் ஒருவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தோடு நடந்த சந்திப்பில் கேள்விகள் கடுமையாகவே வந்தன. "நோயாளியைத் தீர்ப்பிடுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். "அவரைத் தீர்ப்பிட எனக்கு உரிமை இல்லை. நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும்தான் சொல்கிறேன்" என்றேன். அப்புறம் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டினேன். பேச்சு அதற்குப் பிறகுதான் வேலையைப் பற்றித் திரும்பியது.

மேலிடத்தைவிடக் கூட வேலை செய்கிறவர்களின் கோபம்தான் என்னை அதிகம் வருத்தியது. "நீ புனிதமாக இருக்க, உன் வேலையை நாங்கள் செய்ய வேண்டுமா?" என்றார் ஒரு மூத்த நர்ஸ். அதில் நியாயம் இருக்கிறது. நான் விலகும் நேரத்தை யாரோ நிரப்புகிறார்கள். அதனால் யாரும் விரும்பாத நைட் டியூட்டிகளையும் விடுமுறை நாள் டியூட்டிகளையும் நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். மனச்சான்றின் விலையை அடுத்தவர் தலையில் வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பொறுப்பு நர்ஸ் பதவிக்கு என் பெயர் போகவில்லை. அந்தப் பதவியில் பட்டியல் போடுவதும் ஆட்களை ஒதுக்குவதும் வரும் என்பதால் நானும் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் முக்கியமானது அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பு அறையில் செய்யும் பணிதான். அங்கே வரும் பெண்களில் பலரை வேறு வழியே இல்லை என்று யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். சிலர் அழுவார்கள், சிலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கருத்தரித்த உயிரை மதிக்கிறேன் என்று சொல்லும் நான் இந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கத் தயங்கினால், அந்த மதிப்புக்கு அர்த்தமே இல்லை. அவர்களாகக் கேட்டாலொழிய நம்பிக்கையைப் பற்றி நான் பேசுவதில்லை. ஒருமுறை ஒரு பெண் தானாகவே, "இதற்குக் கடவுளிடம் மன்னிப்பு உண்டா சிஸ்டர்?" என்று கேட்டார். உண்டு என்றேன். அவர் கத்தோலிக்கர் என்று தெரிந்ததும், 2016 முதல் எந்தக் குருவானவரிடமும் ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவ அறிக்கையில்) இந்தப் பாவத்துக்கு மன்னிப்புப் பெறலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்ததைச் சொன்னேன். எவாஞ்செலியும் வீத்தேயின் 99-ஆம் பத்தி இந்தப் பெண்களிடம் நேராகவே பேசுகிறது. நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொல்லும் அந்த வரிகளை நம் பங்கு ஆலயங்களில் இன்னும் அடிக்கடி வாசிக்க வேண்டும்.

எதிர்ப்பு என் பங்கு ஆலயத்தைச் சேர்ந்தவர்களிடமிருந்தும் வந்தது. அந்த மருத்துவமனையிலேயே வேலை பார்க்கக் கூடாது, ராஜினாமா செய் என்றார்கள். அவர்களுடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் நாங்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால் அந்த அறையில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பார்கள்?

விலக்கு எழுத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் அது இந்தப் பிரிவுக்கு மட்டும்தான். மேலாளரோ பிரிவோ மாறினால் கடிதத்தை மறுபடி கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு பிரதியை லாக்கரிலேயே வைத்திருக்கிறேன். அண்மையில் சேர்ந்த ஓர் இளம் நர்ஸ் அதைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன், ஆனால் அப்படியே நகல் எடுக்காமல், தன்னால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று முதலில் சொந்தமாக எழுதிப் பார்க்கச் சொன்னேன்.