பூசாரி இல்லாத வீடு

1952-இல் வந்த பராசக்தியை நேற்று மறுபடி பார்த்தேன். கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம். கோயிலுக்குள் கல்யாணியிடம் அத்துமீறும் பூசாரியைப் பார்த்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. சரி, நியாயமான கோபம்தான். ஆனால் அது பூசாரி மேல் வரும் கோபம். என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது.

அப்பா ஐசியூவில் இருந்த 11 நாளும், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார் அம்மா. அப்பா திரும்பவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கும்போது எனக்குக் கை நடுங்கியது. காரியம் முடிந்த மறுநாளே அம்மா திரி போட்டு விளக்கேற்றினார். எங்கள் வீட்டில் எந்தப் பூசாரியும் ஏமாற்றவில்லையே, நான் யாரிடம் போய்க் கேட்பது? அப்புறம் கும்பிடுவதை விட்டுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.