எரிந்த ஆறும் ஒரு மேயரும்

ஆறு தீப்பற்றி எரியுமா? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தின் கயஹோகா ஆறு எரிந்திருக்கிறது. அதுவும் 1868 தொடங்கிப் பத்துத் தடவைக்கு மேல்!

1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கழிவும் எண்ணெயும் படலமாக மிதந்த தண்ணீரில் தீப்பிடித்து இரண்டு ரயில் பாலங்கள் கருகின. அரை மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். படம் எடுக்கக்கூட அவகாசமில்லை; பிறகு டைம் பத்திரிகையில் வந்தது 1952-ல் எரிந்தபோது எடுத்த படம்.

ஊருக்கு அது பழகிப்போன சங்கதி. அப்படியே விட்டுவிடாதவர் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றுக்குத் தேர்தலில் வென்று மேயரான முதல் கறுப்பினத்தவர், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். மறுநாளே நிருபர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், சாக்கடை கொட்டும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆலைகள் கழிவை விட அனுமதி கொடுப்பது மாநில அரசு, நகராட்சிக்குத் தடுக்கும் அதிகாரமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தீயைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. தீக்கு முந்தைய ஆண்டே, 1968-ல், ஆற்றைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்திருந்தார்கள். ஆலைகள் மூடி, வேலை போய்க்கொண்டிருந்த ஊர் அது. அவர்களை ஏன் யாரும் பேசுவதில்லை?

2019-ல், அந்த ஆற்று மீனைச் சாப்பிடலாம் என்று ஓஹாயோ மாநிலம் அறிவித்தது.