தக்காளி வீரிய ஒட்டுக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

வயலில் செழித்து நிற்கும் இரண்டு செடிகளை இணைத்தால் நல்ல வீரிய ஒட்டு கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். செடியின் தோற்றத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று தருமா, அப்படித் தந்தது முதல் தலைமுறையிலேயே வெளிப்படுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய்க்கு எதிரான டிஒய்-2 மரபணு, சொலானம் ஹப்ரோகைட்டிஸ் என்னும் காட்டு இனத்திலிருந்து வந்தது. அது ஓங்கு தன்மை உடையதால் பெற்றோரில் ஒன்றில் இருந்தாலே போதும். ஆனால் காம்புப் பக்கம் பச்சைத் தோள் இல்லாமல் காய் சீராக நிறம் மாறும் பண்பு ஒடுங்கு தன்மை உடையது. இரு பெற்றோரிலும் இருந்தால்தான் ஒட்டில் தெரியும். பழுப்பதைத் தாமதப்படுத்தும் ரின் மரபணுவோ இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பழம் நெடுநாள் கெடாமல் இருக்கும், இரு பக்கத்திலிருந்தும் வந்தால் சரியாகச் சிவக்கவே சிவக்காது.

பழ எடையில்தான் ஏமாற்றம் அதிகம். 50 கிராம் பழம் தரும் வரிசையையும் (வரிசை என்பது தலைமுறைதோறும் பண்பு மாறாமல் வரும் செடிவகை) 200 கிராம் பழம் தரும் வரிசையையும் இணைத்தால் 125 கிராம் எதிர்பார்க்கத் தோன்றும். கிடைப்பது பெரும்பாலும் 100 கிராமை ஒட்டியே இருக்கும். ஏனெனில் ஒட்டின் எடை, இரு எடைகளையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலத்தை நெருங்குகிறது. ஆகவே நோய் எதிர்ப்புக்காகச் சிறுபழ வரிசையைச் சேர்ப்பதானால், முதலில் அந்த எதிர்ப்பைப் பெரிய பழ வரிசைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

கடையில் வாங்கிய ஒட்டு விதையைப் பெற்றோராக வைக்கக் கூடாது. ஆறு முதல் எட்டுத் தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கையில் நிலைப்படுத்திய தூய வரிசைகளே வேண்டும். இல்லையெனில் ஒட்டுச் செடிகள் ஒன்றுபோல் இரா.

தாயாக, பழத்துக்கு விதை மிகுதியாகப் பிடிக்கும் வரிசையையும், தந்தையாக, மகரந்தம் ஏராளமாகத் தரும் வரிசையையும் கொள்ள வேண்டும். தண்டில் ஊதா நிறமே தோன்றாத வரிசை தாயாக அமைந்தால், அதை நான் பெரிதும் விரும்புவேன்: மலர் விரியுமுன் மகரந்தப்பைகளை நீக்குகையில் ஏதேனும் தவறி, தன்மகரந்தத்தால் உருவான நாற்றுகள் பச்சைத் தண்டோடு நிற்கும், உண்மையான ஒட்டுகள் ஊதாத் தண்டுள்ள தந்தையிடமிருந்து நிறத்தைப் பெற்று ஊதாவாக இருக்கும். பச்சைத் தண்டு நாற்றுகளை நாற்றங்காலிலேயே களைந்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும், ஒரு வரிசையைப் பல துணைகளோடு இணைத்து, அவற்றின் ஒட்டுகளை இலைச்சுருள் கடுமையாகும் கோடையில் பெற்றோருக்கு அருகிலேயே நட்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த இணையையும் நான் ஏற்பதில்லை.