பாலத்துக்குக் கீழே சானிதா

இத்தாலியின் நேப்பிள்ஸில் சானிதா பேட்டையைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடலாம். கப்போதிமொந்தே அரண்மனைக்கு நேர்வழி வேண்டுமென்று 1800களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சிக்காரர்கள் போட்ட பாலம் அதன் தலைக்கு மேலே போகிறது. நாங்கள் பாலத்திலிருந்து 1937இல் வைத்த லிஃப்டில் இறங்கினோம். கீழே கொடியில் துணி, காய்கறி வண்டி, காதைப் பிளக்கும் ஸ்கூட்டர்கள். பக்கத்திலேயே சாந்தா மரியா தெல்லா சானிதா கோயில்.

1600களின் தொடக்கத்தில் ஃப்ரா நுவோலோ என்ற டொமினிக்கன் துறவி வடிவமைத்தது. பாலத்துக்காக இதன் மடத்து முற்றத்தை இடித்திருக்கிறார்கள். அரசர் வண்டி குலுங்காமல் போக வேண்டுமே! ஊர் மக்களுக்கு இது புனித வின்சென்ட் பெரர் கோயில்தான். அவர் சுரூபத்தின் மேல் அவ்வளவு பக்தி.

பீடத்துக்கு இரண்டு பக்கமும் படிகள் வளைந்து ஏறுகின்றன. பீடத்துக்கு அடியில் நிலவறை, அதற்குள்ளே சுரங்கக் கல்லறைகள். 5ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஆயர் கௌதியோசோவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அந்தக் காலத்தில் இது மதிலுக்கு வெளியே இருந்த இடுகாட்டுப் பள்ளத்தாக்கு. வீடுகள் வந்தது பிறகு.

17ஆம் நூற்றாண்டுத் துறவிகள் செய்த வேலையைப் பார்த்துத்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன். வசதி படைத்தவர்களின் மண்டையோட்டைச் சுவரில் பதித்து, கீழே உடலைச் சாயத்தில் வரைந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு நீளப் பாவாடை. மண்டையோடுகளின் முன்பக்கம் ஈரத்தில் உதிர்ந்துபோய்விட்டது. சாயம் இன்னும் இருக்கிறது.

ஏழைகளுக்கு ஏது ஓவியம்? 1656 கொள்ளைநோயில் செத்தவர்களைப் பேட்டையின் மறுகோடியில் ஃபொந்தனெல்லே குகைகளில் குவித்தார்கள். பிற்பாடு பெண்கள் ஆளுக்கொரு மண்டையோட்டைத் தத்தெடுத்து, துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் பாவம் கழுவப்படும் இடத்தில், இருக்கும் ஆன்மாவுக்காகச் செபித்தார்கள். பதிலுக்கு மகளுக்கு வரன், சீக்குக்குக் குணம் என்று கேட்பதும் உண்டு. 1969இல் திருச்சபை இந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. மண்டையோட்டை வணங்குவது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேர் தெரியாத ஆன்மாவுக்குச் செபம் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? கல்லறைத் திருநாளில் நாம் செய்வதும் அதுதானே.

வழிகாட்டியாக வந்தது பேட்டையின் பிள்ளை ஒருவர். 2006இல் உள்ளூர் இளைஞர்கள் பங்குக்கோயில் துணையோடு தொடங்கிய லா பரான்சா கூட்டுறவுதான் இந்தக் கல்லறைகளைத் திறந்து காட்டுகிறது. அப்புறம் மேட்டிலுள்ள சான் ஜென்னாரோ கல்லறைகளுக்கும் போனோம். அங்கே போக லிஃப்ட் கிடையாது, ஏற்றம்தான்.